கார் கிளம்பாதபோது நமக்கு ஏன் வியர்க்கிறது?

வாசகர் கேள்வி-பதில்

(கொலை செய்யும் ஜோடிகளைப் பற்றிய படங்கள் குறித்து வந்த கேள்விகள் மட்டும் இந்த இதழில்.)

கணவனைக் கொன்ற ஜோடி சிக்கிக்கொள்ளக் கூடாதே என்று படம் பார்க்கும்போது மனசு அடித்துக்கொள்கிறது. வெளியே வந்ததும் ‘இதென்ன புத்தி’ என்று என்மேலேயே கோபம். கோளாறு என்னிடமா, படத்திலா?
வாசகர், மதுரை

கோளாறு கார் சாவியில் இருக்கிறது. 1944-இல் பில்லி வைல்டர் எடுத்த ‘டபுள் இன்டெம்னிட்டி’யை எடுத்துக்கொள்ளுங்கள். வால்டர் நெஃப் இன்சூரன்ஸ் ஏஜென்ட். பிலிஸ் அவன் போய்ச் சந்தித்த வீட்டின் எஜமானி. அவள் கணவனுக்கே தெரியாமல் அவன் பெயரில் விபத்துப் பாலிசி எடுக்கிறார்கள். ரயில் விபத்தில் செத்தால் இரட்டைத் தொகை. காரில் வைத்துக் கொன்று, பிணத்தைத் தண்டவாளத்தில் கிடத்திவிட்டு, திரும்பி வந்து காரில் ஏறுகிறார்கள். பிலிஸ் ஸ்டார்ட் செய்கிறாள். இன்ஜின் முனகி அணைகிறது. மறுபடியும் முனகல். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். நெஃப் கையை நீட்டித் தானே முயல்கிறான், கார் உயிர் பெறுகிறது. அந்த நொடியில் பெருமூச்சு விடாதவர் எவரும் இல்லை. விட்டவர்கள் எல்லோரும் கொலைக்கு உடந்தையா?

அங்கே நமக்கு வருவது அனுதாபமே இல்லை, வேலைப் பதற்றம். ஒருவன் ஒரு வேலையில் இறங்கியிருக்கிறான், திட்டம் நமக்கு முன்பே தெரியும், குறுக்கே அற்பமான ஒரு தடை வருகிறது, நேரமோ ஓடுகிறது. இந்த நான்கும் சேர்ந்தால் போதும், செய்பவன் யார் என்று மனசு விசாரிப்பதில்லை. தடை அன்றாடமானதாக இருக்கவேண்டும் என்பது முக்கியம். நூறு போலீஸ் வளைத்துக்கொண்டால் இந்தப் பதற்றம் வராது; பேட்டரி மக்கர் செய்தால் வரும், ஏனென்றால் அது நம் வீட்டு வண்டியிலும் நடக்கிறது. ‘சைக்கோ’வில் (1960) பிணத்தோடு சதுப்பில் அமிழும் கார் பாதியில் நின்றுவிடும்போது ‘முழுகித் தொலையேன்’ என்று நாம் நினைப்பதும் இதே கணக்குதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கொலை நடக்கும் இடத்தில் வைல்டர் கேமராவை எங்கே வைத்தார்? பிலிஸ் மூன்று முறை ஹார்ன் அடிக்கிறாள், அது சமிக்ஞை. பின்சீட்டுக்கு அடியில் பதுங்கியிருந்த நெஃப் எழுகிறான். அதன்பின் நாம் பார்ப்பது பிலிஸின் முகத்தை மட்டும். பக்கத்தில் சாகிறவனின் முகம் ஒரு தடவைகூட வருவதில்லை. அந்த முகத்தைப் பத்து நொடி காட்டியிருந்தால் கார் கிளம்பாத காட்சியில் நம்மில் பாதிப் பேர் ‘கிளம்பாதே’ என்றிருப்போம்.

ஆக, மூன்றைக் குழப்பாதீர்கள். பதற்றம் நரம்பின் வேலை, அதற்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை. அவர்களுடைய வலி நமக்குப் புரிவது அனுதாபம். அதற்கும் வெட்கப்பட வேண்டாம். ‘அவன் சாகவேண்டியவன்தான்’ என்று வாய்விட்டுச் சொல்கிறோமே, அது மூன்றாவது. உங்கள் கோபத்தை அதற்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நெஃப், பிலிஸ் கதை நிஜமாக நடந்ததா? நிஜ ஜோடிகள் கடைசிவரை ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறார்களா?
வாசகி, சேலம்

கதைக்கு வித்திட்டது ரூத் ஸ்னைடர் வழக்கு. 1927 மார்ச் 20 அன்று நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஆல்பர்ட் ஸ்னைடர் கொல்லப்பட்டார். மனைவி ரூத், அவளுடைய காதலன் ஜட் கிரே இருவரும் கைதானார்கள். கணவனுக்குத் தெரியாமல் எடுத்த இரட்டைத் தொகைப் பாலிசி இங்கேயும் உண்டு. காட்டிக்கொடுப்பது பற்றிக் கேட்டீர்கள். கைதானதுமே ‘அவன்தான்’, ‘அவள்தான்’ என்று மாறி மாறிக் கைநீட்டினார்கள். 1928 ஜனவரி 12 இரவு சிங் சிங் சிறையில், சில நிமிட இடைவெளியில், ஒரே மின்சார நாற்காலியில் இருவரும் இறந்தார்கள். கணுக்காலில் கேமராவைக் கட்டிக்கொண்டு உள்ளே போன ஒரு பத்திரிகைக்காரர் ரூத் சாகும் நொடியைப் படமெடுத்தார். மறுநாள் அது முதல் பக்கத்தில் வந்தது.

அதை வாங்கிப் பார்த்த கூட்டத்தின் மனநிலை, கொலைகாரிக்காகக் கண்ணீர் விடும் சினிமா ரசிகரின் மனநிலையைவிட மேலானதா என்று அடிக்கடி யோசிக்கத் தோன்றுகிறது.

கொலைகாரர்கள்மேல் அனுதாபம் வரவழைக்கும் படங்களைத் தடை செய்தால் என்ன?
ஆசிரியை, நாகர்கோவில்

ஹாலிவுட் அதைச் செய்து பார்த்திருக்கிறது. 1930-இல் எழுதப்பட்டு 1934 முதல் கண்டிப்பாக அமலான தயாரிப்பு விதித்தொகுப்பின் முதல் பொதுவிதியிலேயே இது இருந்தது: பார்வையாளரின் அனுதாபம் குற்றம், தவறு, தீமை, பாவம் ஆகியவற்றின் பக்கம் ஒருபோதும் சாயக் கூடாது. ஜோசப் பிரீன் என்பவரின் அலுவலகம் கதை வசனத்தை வாங்கி வரிவரியாகப் படிக்கும். ‘டபுள் இன்டெம்னிட்டி’யின் மூலக்கதையை ஸ்டூடியோக்கள் 1930-களின் நடுவில் கேட்டபோது ‘கூடவே கூடாது’ என்று பதில் வந்தது. அதனால் பல ஆண்டு கிடப்பில் கிடந்தது.

விதியின் பலன் என்ன? எழுத்தாளர்கள் சட்டென்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எண்பது நிமிடம் ஜோடியோடு நம்மைக் கூடவே நடத்திக் கூட்டிப்போய், கடைசி ஐந்து நிமிடத்தில் இருவரையும் கொன்று கணக்கை நேர் செய்வது. தண்டனை வந்துவிட்டது, விதி காப்பாற்றப்பட்டது. ஆனால் சாகப்போகிறவர்கள்மேல் அனுதாபம் கூடத்தானே செய்யும்? வைல்டர் நெஃப்பை விஷவாயு அறைக்கு அனுப்பும் காட்சியையே எடுத்துவிட்டு, பிறகு வேண்டாமென்று வெட்டினார். இப்போதிருக்கும் முடிவில் அவன் அலுவலக வாசலில் ரத்தம் வழியச் சரிந்து கிடக்கிறான். அவனைக் கண்டுபிடித்த இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரியே அவன் சிகரெட்டுக்கு நெருப்பு வைக்கிறார்.

இன்னொரு விபரீதமும் நடந்தது. துப்பாக்கி வெடிப்பதையும் குண்டு பட்டவன் விழுவதையும் ஒரே ஷாட்டில் காட்டக்கூடாது என்பது அந்தக் காலத்து வழக்கம். ரத்தமும் வலியும் திரையிலிருந்து போயின. அனுதாபத்தைத் தடுக்க வந்த விதி, யாருக்காக அனுதாபப்பட வேண்டுமோ அவருடைய துன்பத்தை மறைத்துவிட்டது. 1968 நவம்பரில் இந்த முறை போய் வயதுவாரிச் சான்றிதழ் வந்தது.

நம் ஊரில் 1991 டிசம்பர் வழிகாட்டு விதிகள் இருக்கின்றன. வன்முறையை மகிமைப்படுத்தவோ நியாயப்படுத்தவோ கூடாது, குற்றம் செய்யத் தூண்டும்படி குற்றவாளியின் செய்முறையைக் காட்டக்கூடாது என்கின்றன. அனுதாபம் என்ற சொல்லைத் தொடவில்லை, அந்த மட்டில் புத்திசாலித்தனம். பிள்ளைகள் பற்றிய கவலை என்றால் 2024 முதல் யுஏ சான்றிதழ் 7+, 13+, 16+ என்று பிரிந்திருக்கிறது. போஸ்டரின் மூலையில் அந்த எண்ணைப் பாருங்கள்.

‘பானி அண்ட் கிளைட்’ முடிவில் அழுதுவிட்டேன். நிஜத்தில் அவர்கள் எப்படிப்பட்டவர்கள்?
வாசகி, திருச்சி

1967-இல் ஆர்தர் பென் எடுத்த படம் அது. நிஜ பானி பார்க்கரும் கிளைட் பாரோவும் 1934 மே 23 காலை, லூசியானா மாநிலத்தில் கிப்ஸ்லண்ட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், புதரில் காத்திருந்த ஆறு காவலர்களின் குண்டுகளுக்கு இரையானார்கள். அவளுக்கு 23 வயது, அவனுக்கு 25. அவர்களுடைய கும்பல் கொன்றதாகக் கணக்கிடப்படுபவர்கள் சுமார் 13 பேர், பெரும்பாலோர் போலீஸ்காரர்கள்.

படம் செய்த மாற்றங்களில்தான் விஷயம் இருக்கிறது. படத்தில் அவர்கள் வங்கிக் கொள்ளையர். வங்கி ஜப்தி செய்த வீட்டின் முன் நிற்கும் விவசாயியிடம் கிளைட் தன் துப்பாக்கியைக் கொடுக்கிறான். அந்த மனிதர் சுடுகிறார். பொருளாதார மந்தத்தில் வங்கியை வெறுத்த நாடு அந்த ஒரே காட்சியில் ஜோடியின் பக்கம் வந்துவிடுகிறது. நிஜத்தில் அவர்கள் அதிகம் கொள்ளையடித்தது பெட்ரோல் பங்குகளையும் சிறு மளிகைக் கடைகளையும். கல்லாவில் இருந்தது அவர்களைப் போன்ற ஏழைகளின் சில்லறை.

1934 ஈஸ்டர் ஞாயிறு, ஏப்ரல் 1. டெக்ஸஸில் கிரேப்வைன் ஊர் அருகே, நின்றிருந்த காரை என்னவென்று பார்க்க வந்த இரண்டு மோட்டார் சைக்கிள் காவலர்களை அந்தக் கும்பல் சுட்டுக் கொன்றது. ஒருவருக்குச் சில நாட்களில் கல்யாணம் நடக்கவிருந்தது. படத்தில் இந்தச் சம்பவமே இல்லை. இருந்திருந்தால் நீங்கள் அழுதிருப்பீர்களா என்று கேட்கமாட்டேன். யாருக்காக அழுதிருப்பீர்கள் என்று மட்டும் கேட்பேன்.

அவர்களைத் தேடிப் பிடித்த ஃபிராங்க் ஹேமரைப் படம் கோமாளியாக்கியது. கும்பல் அவரைப் பிடித்துக் கைவிலங்கு மாட்டிப் போட்டோ எடுத்து அவமானப்படுத்துவதாக ஒரு காட்சி. அப்படி எதுவும் நடக்கவில்லை. அவருடைய மனைவி வழக்குப் போட்டார், 1971-இல் பணம் கொடுத்துச் சமரசமானது.

வேடிக்கை என்னவென்றால், பரிதாபத்தைக் கூட்டக்கூடிய ஒரு நிஜத்தையும் படம் விட்டுவிட்டது. 1933 ஜூனில் கார் கவிழ்ந்ததில் பானியின் கால் மோசமாக வெந்துபோனது. கடைசி வருடம் அவளால் சரியாக நடக்க முடியாது. பல நேரம் கிளைட் தூக்கிக்கொண்டு போனான். பானியாக நடித்த ஃபே டனவேயின் நடையழகைக் கெடுக்க யாருக்கும் மனமில்லை போலிருக்கிறது.

ஆனால் படத்தைப் பொய்யன் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. முதல் கொலையைப் பாருங்கள். வண்டியோட்டும் பையன் வங்கிக்கு வெளியே காரை இடுக்கில் பார்க் செய்துவிட்டு எடுக்கத் தெரியாமல் தவிக்கிறான். கொள்ளையடித்து வந்தவர்கள் கத்துகிறார்கள். நாம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வங்கி ஊழியர் ஒருவர் ஓடிவந்து காரின் பக்கப் படியில் தொற்றுகிறார். கிளைட் ஜன்னல் வழியாக அவர் முகத்தில் சுடுகிறான். கண்ணாடி போட்ட வயதான முகம், ஒரு நொடி முழுக்கத் திரையில் இருக்கிறது. விதித்தொகுப்பு தடுத்த அந்த ஒரே ஷாட் இதுதான். சிரிப்பு தொண்டையில் சிக்குகிறது. அடுத்த காட்சியில் அவர்கள் சினிமா தியேட்டரில் ஒளிந்திருக்கிறார்கள். கிளைட் பதறுகிறான், பானி பாட்டும் ஆட்டமும் பார்க்கிறாள். நம்மைத்தான் அங்கே உட்கார்த்தி வைத்திருக்கிறார் பென்.

ஜோடி அழகாக இல்லாவிட்டாலும் இந்த அனுதாபம் வருமா?
வாசகர், கோயம்புத்தூர்

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். லெனர்ட் காஸில் என்ற இசையமைப்பாளர் இதே எரிச்சலில்தான் ‘தி ஹனிமூன் கில்லர்ஸ்’ (1970) எடுத்தார். ‘பானி அண்ட் கிளைட்’டின் அழகான ஆட்களும் அழகான ஷாட்களும் அவருக்குக் குமட்டின. நிஜக் கதை ரேமண்ட் ஃபெர்னாண்டஸ், மார்த்தா பெக் இருவருடையது. துணை தேடிக் கடிதம் எழுதும் பெண்களைக் கல்யாண ஆசை காட்டி ஏமாற்றி, பணம் பறித்துக் கொன்றவர்கள்; 1951 மார்ச் 8 அன்று இருவருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

படம் கறுப்பு வெள்ளை. தலைக்கு மேலே எரியும் சாதாரண வீட்டு விளக்கு. மார்த்தா பருமனான, முகம் சுளிக்கும் நர்ஸ். கொலைகள் மெதுவாக நடக்கின்றன. கிழவி ஒருத்தி பயந்து போய்ப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். சுத்தியல் ஒரே அடியில் வேலையை முடிப்பதில்லை. பார்ப்பவருக்கு எழுந்து வெளியே போகத் தோன்றும்.

அப்படியும் மார்த்தாமேல் ஒருவிதப் பரிவு வந்துவிடுகிறது. அவளுடைய பொறாமையும் தனிமையும் நிஜமாக இருக்கின்றன. காஸிலும் ஒரு இடத்தில் கை நடுங்கியிருக்கிறார். நிஜ மார்த்தா தன் இரண்டு குழந்தைகளைத் தொண்டு நிறுவனம் ஒன்றில் விட்டுவிட்டு ரேமண்டிடம் போனவள். படத்தில் குழந்தைகள் இல்லை. வயதான தாயை முதியோர் இல்லத்தில் விடுகிறாள். குழந்தையைக் கைவிட்டவளோடு ஒன்றரை மணி நேரம் உட்கார நாம் தயாரில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

‘பேட்லேண்ட்ஸ்’ படத்தை ‘கவித்துவமான காதல் கதை’ என்று சிலாகிக்கிறார்கள். எனக்கு உறுத்துகிறது. ஏன்?
வாசகி, புதுச்சேரி

உறுத்தவேண்டிய இடத்தில் உறுத்தியிருக்கிறது. டெரன்ஸ் மாலிக்கின் 1973 படம் அது. அடிப்படை: 1957 டிசம்பரிலும் 1958 ஜனவரியிலும் நெப்ராஸ்கா, வயோமிங் மாநிலங்களில் 11 பேரைக் கொன்ற சார்லஸ் ஸ்டார்க்வெதர். வயது 19. கூட இருந்த சிறுமிக்கு 14. ‘ஜோடி’ என்ற சொல் முதலில் அங்கேயே இடறுகிறது. தன் வீட்டார் பணயமாக இருப்பதாக நம்பித்தான் கூடப் போனேன் என்பது அவளுடைய வாதம். நடுவர் குழு ஏற்கவில்லை. ஆயுள் தண்டனை பெற்று 1976-இல் பரோலில் வந்தாள். ஸ்டார்க்வெதர் 1959 ஜூனில் மின்சார நாற்காலியில் இறந்தான்.

மாலிக் பெயர்களையும் ஊரையும் மாற்றி, பெண்ணுக்கு 15 வயதாக்கினார். அதைவிட, கழித்த பட்டியலைப் பாருங்கள். நிஜத்தில் சிறுமியின் தாய், மாற்றாந்தகப்பன், இரண்டரை வயதுத் தங்கை மூவரும் கொல்லப்பட்டார்கள். படத்தில் அப்பா ஒருவர் மட்டும். நிஜத்தில் பணக்காரத் தொழிலதிபர், மனைவி, வேலைக்காரப் பெண் மூவரும் செத்தார்கள். படத்தில் பணக்காரரும் வேலைக்காரியும் உயிரோடு தப்புகிறார்கள். போவது அவருடைய தொப்பியும் கோட்டும் காரும்தான். இந்தக் கழித்தல் இல்லாமல் அந்தக் ‘கவித்துவம்’ நிற்காது.

ஆனாலும் மாலிக் ஒரு மருந்து வைத்திருக்கிறார். கதையைச் சொல்லும் அந்தப் பெண் ஹாலியின் குரல். அப்பாவைச் சுட்டதையும் மர உச்சியில் வீடு கட்டியதையும் அதே தொனியில், காதல் பத்திரிகை படிப்பதுபோல் ஒப்பிக்கிறாள். படம் காட்டுவதும் அவள் சொல்வதும் ஒட்டவில்லை என்று கண்டுபிடித்தவருக்கு அது காதல் கதையாக இருக்காது. கண்டுபிடிக்காதவர்களுக்குச் சூரிய அஸ்தமனம் இருக்கிறது. அடுத்த முறை அந்தக் குரலை மட்டும் கேளுங்கள்.

இந்த அனுதாபத்துக்கு நம் இலக்கணத்தில் ஏதாவது உண்டா?
தமிழாசிரியர், தஞ்சாவூர்

உண்டு, உங்களுக்கே தெரியும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் இடம் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவது, இழப்பது, முன்பிருந்த நிலை கெட்டுத் தளர்வது, ஏழ்மை. ஹாலிவுட் திரைக்கதைக்காரர்கள் தொல்காப்பியம் படிக்கவில்லை, ஆனால் கிளைட்டுக்கு வரிசையாக இதைத்தான் வைத்திருக்கிறார்கள். சிறை வேலையிலிருந்து தப்பத் தன் கால் விரல்களை வெட்டிக்கொண்டதைச் சொல்கிறானே, அது இளிவு. அம்மாவிடம் பானி விடைபெறும் புழுதிக்காட்டுச் சந்திப்பு, இழவு. அடிபட்டு உடம்பெல்லாம் கட்டோடு கிடப்பது அசைவு. வறுமைக்கு நாடே சாட்சி. நான்கில் ஒன்றுகூட ‘நல்லவனாக இருத்தல்’ இல்லை என்பதைக் கவனித்தீர்களா?

படத்தைப் பார்த்துக் கொலை செய்ததாக வழக்கெல்லாம் வந்ததே?
வாசகர், ஈரோடு

‘நேச்சுரல் பார்ன் கில்லர்ஸ்’ (1994) பற்றிக் கேட்கிறீர்கள். 1995-இல் லூசியானாவில் ஒரு இளம் ஜோடியால் சுடப்பட்ட கடை ஊழியர், இயக்குநர் ஆலிவர் ஸ்டோன்மீதும் தயாரிப்பு நிறுவனத்தின்மீதும் வழக்குத் தொடர்ந்தார். குற்றம் செய்யத் தூண்டும் நோக்கத்தோடு படம் எடுக்கப்பட்டது என்பதற்குச் சான்றில்லை என்று 2001-இல் தள்ளுபடியானது. சட்டம் அவ்வளவோடு நிற்கும். படமாக அது எங்களுக்குச் சலிப்பு: எண்ணிக்கைக்காக மட்டும் ஆட்கள் சாகிறார்கள், யாருக்கும் முகம் இல்லை.

20 நிமிடக் குறும்படம் எடுத்தோம். கடன் கழுத்தை நெரிக்க, கணவனும் மனைவியும் வட்டிக்காரரைக் கொன்றுவிடுகிறார்கள். திரையிட்டால் கொலையின்போது கைதட்டுகிறார்கள். நாங்கள் நினைத்தது அதுவல்ல. எங்கே தவறு?
கல்லூரி மாணவர்கள், சென்னை

முதலில் மொபைலில் ஸ்டாப்வாட்ச் எடுங்கள். வட்டிக்காரர் மிரட்டாமல், பணம் கேட்காமல், வெறும் மனிதராகத் திரையில் இருக்கும் நொடிகளை எண்ணுங்கள். விடை பூஜ்யம் என்று பந்தயம் கட்டலாம். 40 முதல் 60 நொடி வேண்டும். எதைக் காட்டுவது என்பதில் கவனம். பேத்தியோடு போனில் கொஞ்சுவதுபோல் வைத்தால் பார்ப்பவர் உடனே மோப்பம் பிடித்துவிடுவார். அதைவிட அவர் கைவேலை ஒன்றைச் செய்யட்டும். அவர்கள் வீட்டு டியூப்லைட் மினுக்குகிறது, பேசிக்கொண்டே ஸ்டூலில் ஏறி ஸ்டார்ட்டரைத் திருகிச் சரி செய்கிறார். வேலை தெரிந்த கையை யாராலும் முழுக்க வெறுக்க முடியாது. பிறகு அந்த வெளிச்சத்தில்தானே கொலை நடக்கும்?

இது முதல் நான்கு நிமிடத்துக்குள் வரவேண்டும். கொலைக்கு முந்தின காட்சியில் வைத்தால், வெட்டப்போகும் ஆட்டுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தது மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது, வேறு வழி. உங்கள் கதையில் அவர்களுக்கு ஒரு கதவுகூடத் திறந்திருக்காது என்று நினைக்கிறேன். வழியே இல்லை என்றால் கூட்டம் விடுதலை செய்துவிடும். நாலு வழி இருந்தால் கூட்டமே தூக்கில் போட்டுவிடும். ஒன்றே ஒன்று வையுங்கள், அதுவும் வலிக்கும் வழியாக: மனைவியின் அண்ணனிடம் போய்க் கை நீட்டவேண்டும், கணவனுக்குக் கௌரவம் தடுக்கிறது. அந்த மறுப்பு வசனமாக வேண்டாம், பேருந்து நிறுத்தம் வரை போய்த் திரும்பி வரட்டும்.

யார் முதலில் சொன்னார்கள்? பெரும்பாலும் ‘இருவரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். அதில் நாடகம் இல்லை. ஒருவர் வாயெடுத்துச் சொல்ல, மற்றவர் பதில் சொல்லாமல் தட்டைக் கழுவிக்கொண்டிருக்கட்டும். குற்றம் சரிசமமாகப் பிரியாதபோது பார்வையாளர் இருவரையும் தனித்தனியாக எடைபோட ஆரம்பிப்பார். கும்பலாக ஆதரிக்க மாட்டார்.

இனி கொலை. மூன்று நொடி, ஓங்கி ஒரு அடி, பின்னணி இசை என்றுதானே வைத்திருக்கிறீர்கள்? கைதட்டு அங்கேதான் பிறக்கிறது. அந்த வடிவமே வெற்றிக்குரிய வடிவம். இசையை முழுக்க எடுங்கள். காட்சி 30, 40 நொடி நீளட்டும். முதல் முயற்சி தவறட்டும். ரத்தம் காட்டவேண்டிய அவசியமில்லை. எவர்சில்வர் டம்ளர் உருண்டு போய் நிற்கும் சத்தமும் மூச்சிரைப்பும் போதும். ஒரே ஒரு ஷாட் வட்டிக்காரர் இருக்கையிலிருந்து: நேற்றுவரை டீ கொடுத்த இருவரின் முகம், அவர் பார்க்கிறபடி. 1950-இல் வந்த ‘கன் கிரேஸி’யில் இதற்கு நேர் எதிரான உதாரணம் உண்டு. வங்கிக் கொள்ளை முழுவதும் காரின் பின்சீட்டில் வைத்த கேமராவிலிருந்து, மூன்று நிமிடத்துக்கும் மேலாக, வெட்டே இல்லாமல் ஓடும். வங்கிக்குள் நடப்பதை நாம் பார்ப்பதே இல்லை. நாம் மூன்றாவது கூட்டாளியாக வண்டியில் உட்கார்ந்திருக்கிறோம். உங்கள் படத்தில் கேமரா எப்போதும் அந்தப் பின்சீட்டிலேயே இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

கொலைக்குப் பிறகு துடைப்பதும் மறைப்பதும் எவ்வளவு நேரம்? இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் மறுபடியும் நாம் அவர்கள் பக்கம் வந்துவிடுவோம், மதுரை வாசகருக்குச் சொன்ன வேலைப் பதற்றம். செத்தவரின் செல்போன் அடிப்பதை வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், எல்லாக் குறும்படத்திலும் அடித்துக்கொண்டிருக்கிறது.

மாற்றி வெட்டியபின், கதை தெரியாத ஐந்து பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். ‘பிடித்ததா’ என்று கேட்கவேண்டாம். ‘கொல்லப்பட்டவர் பெயர் என்ன?’ என்று கேளுங்கள். மூன்று பேருக்காவது பெயர் ஞாபகம் இல்லையென்றால் மறுபடி எடிட்டிங் அறைக்குப் போங்கள். (பெயர் வைத்திருக்கிறீர்கள் அல்லவா?)

‘பாபநாசம்’ குடும்பம் தப்பித்ததில் எனக்குச் சந்தோஷம். இதுவும் தப்பா?
வாசகி, திருநெல்வேலி

அது திட்டமிட்ட கொலை இல்லை, மிரட்டியவனிடமிருந்து மகளைக் காக்கப்போய் நடந்தது; கணக்கே வேறு. ஆனாலும் ஜீத்து ஜோசப் ஒரு நேர்மையைக் கடைப்பிடித்தார். செத்த பையனின் அம்மா, கொடுமை செய்யும் ஐ.ஜி.யும் அவள்தான். கடைசியில் பதவியை விட்டு வெறும் தாயாக வந்து நிற்கிறாள். சுயம்புலிங்கம் அவள் முகத்துக்கு நேரே பேசவேண்டியிருக்கிறது. தப்பித்தவனைச் சும்மா வீட்டுக்கு அனுப்பாத படம். உங்கள் சந்தோஷம் அந்தக் காட்சியையும் தாங்கியதென்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் திரைப்படச் சங்கத்தில் இந்தப் படங்களைத் திரையிட்டு விவாதிக்க ஆசை. எந்த வரிசையில் போடலாம், எப்படி நடத்தலாம்?
திரைப்படச் சங்கச் செயலாளர், திண்டுக்கல்

மூன்று வாரம், மூன்று படம். முதலில் ‘பானி அண்ட் கிளைட்’, அடுத்து ‘தி ஹனிமூன் கில்லர்ஸ்’, கடைசியாக ‘தி ஹைவேமென்’ (2019). மூன்றாவது, அதே பானியையும் கிளைட்டையும் வேட்டையாடிய ஹேமரின் பக்கத்திலிருந்து சொல்லப்படுவது. அதில் ஜோடியின் முகத்தைக் கிட்டத்தட்ட கடைசிவரை காட்டாமல் காலும் காரும் தூரத்து உருவமுமாகவே வைத்திருப்பார்கள். சுடுவதற்குச் சற்று முன்தான் முகம். வரிசையைத் தலைகீழாக்கினால் முதல் படத்தின் மயக்கம் வேலை செய்யாது. மயங்காதவர்களிடம் விவாதிக்க ஒன்றுமில்லை.

ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டும் பென்சிலும் கொடுங்கள். இரண்டு இடத்தில் படத்தை நிறுத்துங்கள். முதல் படத்துக்கு விவசாயி சுட்டதும் ஒன்று, வங்கி ஊழியர் சுடப்பட்டதும் ஒன்று. ‘இப்போது யார் தப்பவேண்டும் என்று நினைக்கிறீர்கள்?’ என்ற ஒரே கேள்வி, பெயர் எழுதவேண்டாம். அரை நிமிடத்துக்கு மேல் விளக்கைப் போடாதீர்கள், படத்தின் பிடி விட்டுப்போகும். சீட்டுகளை முடிவில்தான் எண்ணவேண்டும். நடுவில் வாசித்தால் மிச்சப் படத்தை எல்லோரும் நல்லவர்களாகப் பார்ப்பார்கள்.

வழக்கமாக விவாதம் கெட்டுப்போவது ‘இது சமுதாயத்துக்குத் தேவையா’ என்று ஒருவர் எழுந்து நிற்கும்போது. அவரை உட்காரச் சொல்லாதீர்கள். வங்கி ஊழியர் கண்ணாடி போட்டிருந்தாரா இல்லையா என்று கேளுங்கள். ‘தி ஹனிமூன் கில்லர்ஸ்’ அன்று மட்டும் டீயும் வடையும் படத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பிறகு யாரும் சாப்பிட மாட்டார்கள்.